கிரேடியன்ட் ஷிம் ஓடியும் பீக் அகன்று வருவது ஏன்?

கேள்வி: நிலவேம்பிலிருந்து பிரித்தெடுத்தவற்றைக் குளோரோஃபார்மில் கரைத்து, இரவில் சாம்பிள் சேஞ்சரில் வரிசையாக வைத்து என்.எம்.ஆர். (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் நிறமாலை) எடுக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் காந்தப்புலத்தைச் சீராக்கும் கிரேடியன்ட் ஷிம்மிங் தானாக நடக்கிறது. ஆனாலும் சில டியூப்களில் பீக் அகன்று, அடியில் பரந்து வருகிறது. கருவியில் கோளாறா? (ஆராய்ச்சி மாணவி, பாளையங்கோட்டை)

பதில்: சிலவற்றில் மட்டும்தான் என்றால், கருவியை விட்டுவிட்டு முதலில் டியூப்பைப் பாருங்கள்.

கிரேடியன்ட் ஷிம்மிங் பெரும்பாலும் கரைப்பானில் உள்ள டியூட்டீரியத்தின் (கன ஹைட்ரஜன்) சிக்னலைத்தான் நம்பியிருக்கிறது. அதை இரண்டு வேறு எக்கோ நேரங்களில் (தூண்டியபின் சிக்னல் எதிரொலியாகத் திரும்ப விடும் இடைவெளி) பதிவு செய்து, இரண்டுக்கும் உள்ள ஃபேஸ் (அலைக்கட்டம்) வித்தியாசத்தை வைத்து, டியூப்பின் நீளத்தில் காந்தப்புலம் எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று கண்டுபிடிக்கும். அதற்கேற்ப இசட்1, இசட்2 என்று தொடங்கும் ஷிம்களை (டியூப்பின் நீளவாக்கில் புலத்தைத் திருத்தும் சுருள்களின் மின்னோட்டத்தை) மாற்றும். டியூப்புக்குள் இருக்கும் குறையை அதனால் சரிசெய்ய முடியாது.

பொருள் கொஞ்சம்தான் இருக்கிறது என்று கரைப்பானைக் குறைத்து ஊற்றுகிறீர்களா? இயற்கைப் பொருளில் வேலை செய்பவர்கள் பலரும் இப்படிச் செய்வதுண்டு. 5 மி.மீ. டியூப்பில் 0.6 மி.லி. ஊற்றினால் உயரம் 4 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். 0.4 மி.லி.யில் 3 செ.மீ.கூட வராது. திரவம் முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் புலம் வளையும். அந்த வளைவு, சிக்னலைப் பிடிக்கும் காயிலுக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் இசட் ஷிம்களுக்கு அடங்காது. பொருள் உண்மையிலேயே குறைவென்றால் 3 மி.மீ. டியூப் கேளுங்கள். கரைப்பானைக் குறைக்காதீர்கள்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு சந்தேகமும் எனக்கு உண்டு. நிலவேம்பின் முக்கியக் கசப்புப் பொருளான ஆண்ட்ரோகிராஃபோலைடு குளோரோஃபார்மில் சரியாகக் கரையாது. டியூப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துகள் மிதந்தால் எந்த ஷிம்மும் உதவாது. அப்படிப்பட்ட சாம்பிள்களுக்கு டியூட்டீரியம் ஏற்றிய டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை எடுத்து, பஞ்சு வைத்த பைப்பெட்டில் வடிகட்டி ஊற்றுங்கள். சேஞ்சர் பட்டியலிலும் கரைப்பானின் பெயரை மறக்காமல் மாற்றுங்கள்.

நெல்லை வெயிலில் ஏசி இல்லாத அறையிலிருந்து வரும் டியூப் 35 டிகிரியில் இருக்கும். டியூப் போய் நிற்கும் ப்ரோப் 25 டிகிரியில் இருக்கும். உள்ளே போனதும் வெப்பநிலை சமமாக, ஷிம்முக்கு முன் இரண்டு மூன்று நிமிடம் காத்திருக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மோசமான டியூப்புக்கு அடுத்ததும் கெட்டுப்போகிறதா என்றும் கவனியுங்கள். அப்படியென்றால் முந்தைய டியூப்பின் ஷிம் மதிப்புகளிலிருந்தே அடுத்தது தொடங்குகிறது. ஒவ்வொரு சாம்பிளுக்கும் அந்த ப்ரோப்புக்கெனச் சேமித்த நல்ல ஷிம் கோப்பை முதலில் ஏற்றும்படி ஆய்வகப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.