சரளி வரிசையைத் தாண்டிவிட்டு நேரே கீர்த்தனை கற்றுக்கொள்ளலாமா?

காணொளி பார்த்தே நான்கு கீர்த்தனைகள் பாட வந்துவிட்டது, இனிமேல் சரளி வரிசை (கர்நாடக இசையில் முதலில் கற்கும் ஸ்வரப் பயிற்சி) எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டுக் கேட்டு ஒரு பாட்டைப் பிடித்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பாட்டு மட்டுமே கையில் இருக்கும். அடுத்த பாட்டுக்கு மறுபடியும் முதலிலிருந்து மனப்பாடம்தான்.

சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தைப் புரந்தரதாசர் ஏற்படுத்தியதாக மரபு. 1 கட்டை சுருதியில், அதாவது C-யை ச-வாக வைத்து, கீபோர்டில் வாசித்துப் பாருங்கள். ரி, த இரண்டும் கறுப்புக் கட்டையில் விழும், மற்றதெல்லாம் வெள்ளை. ச-வை ஒட்டி ரி, ப-வை ஒட்டி த. அங்கிருந்து க-வுக்கும் நி-க்கும் பெரிய தாவல். கீழ்ப்பாதியின் அமைப்பே மேல்பாதியிலும் திரும்ப வருவதால், ரி சரியாக நின்றால் த-வையும் காது தானே தேடிக்கொள்ளும். பெரும்பாலோருக்கு வழுக்குகிற இடமும் இந்த இரண்டுதான். கொஞ்சம் ஏறினாலே சங்கராபரண ராகத்தின் சாயல் வந்துவிடும். அதனால் ஒவ்வொரு ஸ்வரத்திலும் ஒரு முழு மூச்சுக்கு நின்று, தம்புராவோடு சேர்ந்த பிறகு மேலே போங்கள். ஸ்வரமாகப் பாடியதை அகாரத்திலும், அதாவது 'ஆ' என்று மட்டும், பாடுங்கள்; எழுத்தின் துணை போனதும் சுருதிக் குறை பளிச்சென்று தெரியும்.

தாளத்தில் நடக்கும் தவறு வேறு மாதிரி. ஆதி தாளத்தின் ஒரு சுற்றுக்கு (ஆவர்த்தனம்) 8 அட்சரம், அதாவது 8 எண்ணிக்கை. முதல் சரளி வரிசையில் ஏறி இறங்க 16 ஸ்வரம். முதல் காலத்தில் (முதல் வேகத்தில்) அதற்கு 2 ஆவர்த்தனம், இரண்டாம் காலத்தில் 1, மூன்றாம் காலத்தில் அரை. ஆகவே மூன்றாம் காலத்தில் இரண்டு தடவை பாடினால்தான் ஆவர்த்தனம் நிறையும். காலம் மாறும்போது தாளம் போடும் கையையும் வேகமாகப் போடுவதுதான் பிழை. கை அதே நடையில் இருக்க வேண்டும், ஸ்வரம் மட்டுமே இரட்டிக்க வேண்டும். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60-இல் வைத்துக்கொண்டு பழகுங்கள். இதைச் சரிசெய்யாமல் வர்ணம் என்ற அடுத்த கட்ட உருப்படிக்குப் போனால் இரண்டாம் காலத்தில் தாளம் ஓடிவிடும்.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரட்டித்துப் பாடும் ஜண்டை வரிசையையும் விடாதீர்கள். "ஸஸ ரிரி" என்னும்போது இரண்டாவது ஸ்வரத்துக்கு அழுத்தம் கொடுப்பதிலிருந்துதான் ஸ்புரிதம் என்ற கமகம் (ஸ்வரத்துக்குத் தரும் அசைவு) வருகிறது. அது இல்லாத கீர்த்தனை தட்டையாகக் கேட்கும்.

கற்ற நான்கு கீர்த்தனைகளை விட்டுவிட வேண்டாம். தினமும் 40 நிமிடம் கிடைத்தால் முதல் 30 நிமிடம் வரிசைகள், கடைசி 10 நிமிடம் ஒரே ஒரு கீர்த்தனை. அதையும் சாகித்யத்தை (பாட்டின் சொற்களை) விட்டு, வெறும் ஸ்வரமாகப் பாடிப் பாருங்கள். எங்கே தடுக்குகிறதோ, மறுநாள் வரிசையை அந்த ஸ்வரங்களில் தொடங்குங்கள்.