தம்பி ஃபெடரல் சிறையில்: பார்க்கக் கிளம்பும் முன்

கேள்வி: நியூஜெர்சியில் இருக்கிறேன். தம்பிக்கு ஃபெடரல் கோர்ட்டில் 5 வருஷத் தண்டனை. ரே புரூக் மீடியம் சிறைக்கு மாற்றியிருக்கிறார்கள். இன்னும் போன் வரவில்லை. இந்தச் சனிக்கிழமை நேரில் போகலாமா? பணம் எப்படி அனுப்புவது? எப்போது வெளியே வருவான்?

பதில்: இந்தச் சனிக்கிழமை கிளம்பாதீர்கள். ரே புரூக் நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில், லேக் பிளாசிட் பக்கத்தில் இருக்கிறது (1980 குளிர்கால ஒலிம்பிக் வீரர்கள் தங்கக் கட்டிய இடம்தான் பிறகு சிறையானது). அவ்வளவு தூரம் காரில் போய், பார்வையாளர் பட்டியலில் பெயர் இல்லையென்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டால் மனசு உடைந்துபோகும்.

இங்கே பெரும்பாலும் எதையும் உள்ளே இருப்பவர்தான் தொடங்கிவைக்க வேண்டும். பார்வையாளர் படிவத்தைத் தம்பிதான் உங்களுக்கு அனுப்புவார், நீங்கள் நிரப்பிச் சிறைக்குத் தபாலில் அனுப்ப வேண்டும், அனுமதி கிடைத்ததா என்பதைக்கூட அவரிடம்தான் சொல்வார்கள், அவர்தான் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். போனும் அப்படித்தான்: உங்கள் நம்பரை அவர் தன் பட்டியலில் சேர்த்திருக்க வேண்டும். ஒரு அழைப்பு பொதுவாக 15 நிமிஷத்தில் தானாகவே துண்டிக்கப்படும், பேசுவதெல்லாம் பதிவாகும், அதனால் கேஸ் விஷயம் எதுவும் போனில் வேண்டாம். மாலை 4 மணிக்கு எல்லோரும் எழுந்து நிற்க, தலை எண்ணுவார்கள். அந்த நேரத்தில் அழைப்பை எதிர்பார்க்காதீர்கள். ஈமெயிலுக்கு கார்லிங்க்ஸ் என்ற சேவை இருக்கிறது, அவர் உங்கள் ஈமெயில் முகவரியைக் கொடுத்ததும் சேரச் சொல்லி உங்களுக்கு ஒரு ஈமெயில் வரும், ஸ்பேமில் விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். எழுத்து மட்டும்தான் போகும், போட்டோ போகாது.

அவர் தொடங்கிவைக்கக் காத்திருக்க வேண்டாத காரியம் பணம். அதை இன்றைக்கே செய்யுங்கள், உள்ளே சோப்பு வாங்குவதற்குக்கூடக் கணக்கில் காசு வேண்டும். ஃபெடரல் சிறைத் துறையின் இணையதளத்தில் பெயரைப் போட்டுத் தேடினால் 8 இலக்கக் கைதி எண் கிடைக்கும். அந்த எண்ணோடு வெஸ்டர்ன் யூனியனிலோ மணிகிராமிலோ அனுப்பினால் பகல் நேரத்தில் சில மணி நேரத்திலேயே கணக்கில் ஏறிவிடும். நேராகச் சிறைக்குப் பணம் அனுப்பாதீர்கள். மணி ஆர்டர் என்றால் அயோவாவின் டெமாய்ன் நகரத்து முகவரிக்குத்தான் போக வேண்டும், அந்தக் கவரில் கடிதம் எதுவும் வைக்கக் கூடாது. புத்தகத்தையும் வீட்டிலிருந்து அனுப்ப முடியாது. மீடியம் சிறையில் பதிப்பகமோ புத்தகக் கடையோ நேரடியாக அனுப்பினால்தான் வாங்குவார்கள்.

'மீடியம்' என்றதும் பயப்பட வேண்டாம். பழைய வழக்குகள், குற்றத்தின் தீவிரம், வயது, படிப்பு எல்லாவற்றுக்கும் புள்ளி போட்டு, ஆண்களுக்கு 16 முதல் 23 வரை வந்தால் மீடியம். பொதுவாக இரட்டை வேலியும் பூட்டுகிற அறைகளும் இருக்கும். ஆனால் சந்திப்பு கண்ணாடித் தடுப்பு இல்லாமல்தான், வந்ததும் கிளம்பும்போதும் கட்டிப்பிடிக்கலாம். கைதிகள் காக்கி உடுத்துவதால் நீங்கள் அந்த நிறத்தைத் தவிர்த்துவிடுங்கள்.

எப்போது வெளியே வருவார் என்றால், 1987 நவம்பர் முதல் நடந்த ஃபெடரல் குற்றங்களுக்கு பரோல் (தண்டனை முடியும் முன்பே நிபந்தனையோடு விடுவிப்பது) கிடையாது. நன்னடத்தைக்கு வருஷத்துக்கு 54 நாள் வரை கழியும், 5 வருஷத்துக்கு 270 நாள், அதாவது ஏறக்குறைய ஒன்பது மாதம். 2018 சட்டப்படி வகுப்புகளில் சேர்ந்து இன்னும் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் சில குற்றங்களுக்கு அது பொருந்தாது. அவர் அமெரிக்கக் குடிமகன் இல்லை, நாடு கடத்தும் இறுதி உத்தரவும் வந்துவிட்டது என்றால் அந்தச் சலுகையைப் பயன்படுத்த முடியாது. கேஸ் மேனேஜரை (அவருடைய விவரங்களைக் கவனிக்கும் சிறை அதிகாரி) முதல்முறை பார்க்கும்போதே தன் நிலை என்ன என்று கேட்கச் சொல்லுங்கள்.