டைம்டேபிளில் 30 மணி நேரம், கடிகாரத்தில் எவ்வளவு? கல்லூரி வகுப்பு நேரம் பற்றிய கேள்வி பதில்

கடலூர், புதுச்சேரி பகுதி மாணவர்களும் பெற்றோரும் கேட்ட கேள்விகள் இவை. துறைக்குக் கால அட்டவணை போடும் பொறுப்பில் உள்ள கல்லூரி ஆசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார். கேள்விகள் அவரவர் நடையிலேயே.

மஞ்சக்குப்பம், பி.காம். முதலாண்டு மாணவி: சார், டைம்டேபிள்ல வாரம் 30 ஹவர்னு போட்டிருக்கு. நான் கூட்டிப் பாத்தா 25 கூட வரல. எது சரி?

பதில்: இரண்டும் சரிதான். அங்கே ‘ஹவர்’ என்று இருப்பது கடிகார மணி அல்ல, பீரியட். ஒரு பீரியட் 50 நிமிடமானால் 30 பீரியடுக்கு 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். 55 நிமிடமானால் இருபத்தேழரை. முதல் வித்தியாசம் இங்கேயே வந்துவிடுகிறது.

இரண்டாவது, டே ஆர்டர்: கிழமைக்குப் பதிலாக வேலை நாட்களை 1, 2, 3 என்று சுற்றாக எண்ணிப் போடும் அட்டவணை. ஐந்து நாள் ஆர்டர் உள்ள கல்லூரியில் நாளுக்கு 6 பீரியட், ஆறு நாள் ஆர்டரில் நாளுக்கு 5. பெருக்கினால் இரண்டும் 30. ஆனால் ஆறு நாள் ஆர்டர் வைத்துக்கொண்டு சனிக்கிழமை விடுமுறை விடும் கல்லூரியில், திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து ஆர்டர்தான் ஓடும். ஆறாவது ஆர்டர் அடுத்த திங்களுக்குப் போய்விடும். ஆக ஒரு காலண்டர் வாரத்தில் 25 பீரியட்தான். 50 நிமிடக் கணக்கில் அது 20 மணி 50 நிமிடம்.

செமஸ்டர் முழுக்க எடுத்துக்கொண்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். 90 வேலை நாள் என்று வையுங்கள். நாளுக்கு 6 பீரியடானால் 540, நாளுக்கு 5 ஆனால் 450. அச்சில் இரண்டு கல்லூரிக்கும் அதே ‘வாரம் 30’தான். பாடத்திட்டமும் அதே. செமஸ்டர் கடைசியில் ஸ்பெஷல் கிளாஸ் வைக்கிறார்கள் என்று புலம்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக் கல்லூரியில் படிப்பவர்கள்.

விருத்தாசலம், பி.எஸ்சி. கணிதம்: எதுக்கு சார் இந்த டே ஆர்டர் குழப்பம்? திங்கள், செவ்வாய்னே வச்சா என்ன?

பதில்: வைக்கலாம். எல்லாக் கிழமைக்கும் விடுமுறை சமமாக வந்தால். வெள்ளிக்கிழமை லேப் போட்டிருக்கிறது, மூன்று வெள்ளி தொடர்ந்து விடுமுறை வந்தது என்றால் மூன்று செய்முறை போச்சு, மற்றப் பாடமெல்லாம் நடந்துகொண்டிருக்கும். ஆண்டின் முதல் பாதியில் வரும் ஒற்றைப்படை செமஸ்டரில் இந்த ஆபத்து அதிகம். ஆகஸ்ட் 15, விநாயகர் சதுர்த்தி, ஆயுத பூஜை, தீபாவளி எல்லாம் அதற்குள்தான். புதுச்சேரியில் கூடுதலாக ஆகஸ்ட் 16 சட்டப்பூர்வ இணைப்பு நாள், நவம்பர் 1 விடுதலை நாள். எங்கள் பக்கம் ஐப்பசி கார்த்திகை மழை வேறு. டே ஆர்டரில் விடுமுறை வந்தால் ஆர்டர் அப்படியே நிற்கும், அடுத்த வேலை நாளில் தொடரும். எந்தப் பாடமும் தனியாக அடிவாங்காது.

இதில் கெடுவது வேறு இடத்தில். குறிப்பிட்ட கிழமை மட்டும் வந்து பாடம் எடுப்பவருக்கு ஆர்டர் ஒத்துவராது. நாலு நாள் மழை விடுமுறைக்குப் பிறகு ‘இன்னிக்கு எத்தனாவது ஆர்டர்’ என்று பாதி வகுப்பு தவறான ரெக்கார்டோடு வரும். விடுமுறைக்கு முந்தைய நாள் எந்த ஆர்டர் என்பதை மட்டும் போனில் குறித்துவைத்தால் போதும்.

நெல்லிக்குப்பம், ஒரு தாய்: ஐயா, பையன் அரசு கலைக் கல்லூரியில சேந்திருக்கான். மதியம் ரெண்டு மணிக்கெல்லாம் வீட்டுக்கு வந்துடறான். கேட்டா காலேஜ் முடிஞ்சிடுச்சுங்கறான். நம்பலாமா?

பதில்: நம்பலாம் அம்மா. ஷிஃப்ட் முறை உள்ள கல்லூரியில் முதல் ஷிஃப்ட் காலையில் தொடங்கி மதியத்தோடு முடியும், அதன் பிறகு அதே வகுப்பறையில் இரண்டாம் ஷிஃப்ட் மாணவர்கள் உட்காருவார்கள். ஐந்து பீரியடும் ஒரு சின்ன இடைவேளையும் சேர்த்தாலே நாலரை மணி நேரத்தில் அடங்கிவிடும். பையன் பதினொரு மணிக்கே வந்தால் அப்போது கேளுங்கள்.

கடலூர் முதுநகர், பி.ஏ. முதலாண்டு: தமிழ் வாரத்துக்கு 6 ஹவர், ஆனா 3 கிரெடிட். கோர் பேப்பர் 5 ஹவர், அதுக்கு 5 கிரெடிட். ஒரு ஹவருக்கு ஒரு கிரெடிட்னுதானே சொல்றாங்க?

பதில்: பல்கலைக்கழக மானியக் குழு சொன்ன அடிப்படைக் கணக்கு அதுதான்: வாரம் ஒரு மணி நேர வகுப்புக்கு ஒரு கிரெடிட், செய்முறையானால் இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று. தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளில் அது அப்படியே ஓடுவதில்லை. தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரைப் பாருங்கள். தமிழ் 6 மணி, 3 கிரெடிட். ஆங்கிலமும் அப்படியே. இரண்டு கோர் பேப்பர் (துறையின் முதன்மைப் பாடம்), ஒவ்வொன்றும் 5 மணி, 5 கிரெடிட். எலெக்டிவ் (விருப்பப் பாடம்) 4 மணிக்கு 3. திறன் மேம்பாட்டுப் பாடம் 2-க்கு 2, அடிப்படைப் பாடம் 2-க்கு 2. கூட்டினால் 30 மணி, 23 கிரெடிட். மூன்றாண்டுக்கும் சேர்த்து 140 கிரெடிட்.

அதாவது மணி நேரம் என்பது வகுப்பில் உட்காரும் கணக்கு, கிரெடிட் என்பது மதிப்பெண் சராசரியில் அந்தப் பாடத்தின் எடை. இரண்டையும் ஒன்றாகப் பார்க்காதீர்கள். மொழிப் பாடத்துக்கு மணி அதிகம், எடை குறைவு. இதைச் சரிசெய்யலாமே என்று யாராவது கிளம்பினால் முதலில் எழும் கேள்வி கல்வி சார்ந்ததாக இருக்காது. மணி குறைந்தால் ஆசிரியர் பணியிடம் குறையும். அதனால் தமிழுக்கு 6 மணி நேரம் என்பதில் கைவைக்க யாரும் துணிவதில்லை. நான்காம் செமஸ்டர் முடிந்தால் மொழிப் பாடம் முடிந்துவிடும், அந்த 12 மணியும் பெரும்பாலும் கோர், எலெக்டிவ் பாடங்களுக்குப் போகும்.

லாஸ்பேட்டை, பி.எஸ்சி. முதலாண்டு: கடலூர்ல படிக்கிற என் ஃப்ரெண்டுக்கு 23 கிரெடிட். எங்களுக்கு 20தான். எங்களுக்குக் கம்மியா சொல்லித் தர்றாங்களா?

பதில்: இல்லை. அது வேறு தராசு. புதுச்சேரிப் பல்கலைக்கழகம் தேசியக் கல்விக் கொள்கை வழி வந்த கிரெடிட் கட்டமைப்பில் நடக்கிறது. மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120, நான்காண்டுக்கு 160. ஒரு கிரெடிட் என்றால் செமஸ்டருக்கு 15 மணி நேர வகுப்பு, செய்முறையானால் 30 மணி நேரம்.

உங்கள் 20-ல் 16 தியரி, 4 லேப் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பறை 16 மணி, லேப் 8 மணி, வாரம் 24. இந்தக் கட்டமைப்பில் இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது, அதைத்தான் யாரும் படிப்பதில்லை. ஒரு கிரெடிட்டுக்கு மாணவர் செலவிட வேண்டிய மொத்த உழைப்பு 30 மணி நேரம். 20 கிரெடிட்டுக்கு 600. பதினைந்து வாரத்தால் வகுத்தால் வாரம் 40. வகுப்பில் 24 போனால் மீதி 16 மணி நேரம் நூலகத்திலோ வீட்டிலோ நீங்களாகப் படிக்க வேண்டியது. டைம்டேபிளில் அது இருக்காது.

பண்ருட்டி, பி.இ. இரண்டாமாண்டு: சிலபஸ்ல பேப்பர் பேருக்குப் பக்கத்துல 3 0 2 4னு இருக்கே?

பதில்: வாரத்துக்கு விரிவுரை 3 பீரியட், டுடோரியல் 0, செய்முறை 2, கிரெடிட் 4. கடைசி எண்ணைத் தவிர்த்து மற்றதைக் கூட்டினால் வகுப்பு நேரம். 0 0 4 2 என்றால் முழு லேப், நாலு பீரியட் நின்றால் இரண்டு கிரெடிட்.

22 கிரெடிட் உள்ள செமஸ்டரில் 16 பீரியட் விரிவுரை, 12 பீரியட் லேப் என்று 28 வரலாம். 50 நிமிடப் பீரியடானால் 23 மணி 20 நிமிடம். ஆனால் கல்லூரி நாளுக்கு 7 பீரியட், வாரம் 35 வைத்திருக்கும். மீதி ஏழும் நூலகம், பிளேஸ்மெண்ட் பயிற்சி, மென்டர் ஹவர், நான் முதல்வன் பாடம் என்று நிரம்பும். அதில் எதற்கு வருகைப் பதிவு உண்டு என்று செமஸ்டர் தொடக்கத்திலேயே கேட்டுவிடுங்கள். கல்லூரிக்குக் கல்லூரி மாறும்.

திருப்பாதிரிப்புலியூர், பி.எஸ்சி. வேதியியல்: 75 சதவீதத்துக்கு எத்தனை நாள் லீவ் போடலாம் சார்? நேரா சொல்லுங்க.

பதில்: நேராகவே. தேர்வெழுத வேண்டிய வருகை 75 சதவீதம்; 90 வேலை நாளில் அது 67.5. அரை நாளை உங்களுக்குச் சாதகமாக யாரும் திருத்த மாட்டார்கள், 68 வேண்டும். ஆக 22 நாள்.

இந்த 22-ஐ நம்பித்தான் ஆள் விழுகிறது. முதல் காரணம், பல கல்லூரிகளில் வருகை அரை நாள் கணக்கு. முதல் ஹவருக்குப் பத்து நிமிடம் தாமதம், ஆசிரியர் ஆப்சென்ட் போட்டால் அரை நாள் போச்சு. வாரம் ஒரு தடவை பஸ் தாமதம் என்றால் பதினைந்து வாரத்தில் ஏழரை நாள். லீவே போடாமல் 22-ல் மூன்றில் ஒரு பங்கு காலி.

இரண்டாவது, மொத்தக் கணக்கா, பாடவாரிக் கணக்கா என்று பார்க்காமல் விடுவது. பாடவாரி என்றால் சின்னப் பேப்பர்தான் காலை வாரும். ஒரு சுற்றுக்கு 2 பீரியட் உள்ள பேப்பர், ஆறு நாள் ஆர்டரில் 15 சுற்று, மொத்தம் 30 பீரியட். 23 வேண்டும், 7 தவறலாம். அந்த இரண்டு பீரியடும் ஒரே ஆர்டரில் இருந்தால், அந்த நாள் மூன்று தடவை வராவிட்டால் 6. நாலாவது தடவை 8, வருகை 73.3-க்கு இறங்கிவிடும். மொத்தத்தில் நாலே நாள்தான் லீவ் போட்டிருப்பீர்கள். அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் எல்லாப் பாடப் பீரியடையும் சேர்த்த சராசரிக்குத்தான் 75, மருத்துவக் காரணம் இருந்தால் 65 வரை இறங்கலாம். உங்கள் விதிப் புத்தகத்தில் ‘ஒவ்வொரு பாடத்திலும்’ என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள்.

மூன்றாவது, தாமதமாகக் கணக்குப் பார்ப்பது. 60 நாள் முடிந்தபோது 40 நாள் வந்திருந்தால் மீதி 30-ல் 28 வந்து தப்பிக்கலாம். 37 நாள்தான் என்றால் ஒரு நாள் விடாமல் வந்தாலும் 67தான். அப்புறம் கண்டோனேஷன் கட்டணம் (வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டுவது), டாக்டர் சான்றிதழ், துறைத்தலைவர் அறை வாசல். ஆகவே 45-ஆவது நாளில் பாருங்கள்.

வில்லியனூர், பிளஸ் டூ முடித்தவர்: நர்சிங், பி.எட்., சட்டம் இதுக்கெல்லாம் எவ்வளவு?

பதில்: தொழிற்படிப்புகளில் இந்த 30 விளையாட்டு செல்லாது. பி.எஸ்சி. நர்சிங்குக்கு வாரம் 40 மணி நேரம், 20 வாரச் செமஸ்டர். ஒரு கிரெடிட்டுக்கு வகுப்பானால் வாரம் 1 மணி, ஸ்கில் லேப் 2, வார்டு 4 மணி. தேர்வெழுத 80 சதவீத வருகை போதும், ஆனால் வார்டுப் பணியில் விட்ட நாளை எல்லாம் நிரப்பி 100 சதவீதம் ஆன பிறகுதான் பட்டம். பி.எட்.-க்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், வாரம் குறைந்தது 36 மணி. வகுப்புக்கு 80, பள்ளிப் பயிற்சிக்கு 90 சதவீதம். சட்டப் படிப்பில் இந்திய பார் கவுன்சில் விதிப்படி வாரம் 30 வகுப்பு மணிக்குக் குறையக் கூடாது, அதில் குறைந்தது 24 விரிவுரை. வருகை ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீதம்.

கடலூர், பி.சி.ஏ. இரண்டாமாண்டு: தினமும் கடலூர்ல இருந்து காலாப்பட்டுப் பக்கம் போய் வர்றேன். சாயந்திரம் பார்ட் டைம் வேலை பாக்கலாமா?

பதில்: பயணத்தை முதலில் போடுங்கள். புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கி வேறு பஸ் ஏற வேண்டும். ஒரு வழிக்கு ஒன்றரை மணி என்றாலும் ஐந்து நாளுக்கு 15 மணி நேரம். வகுப்பு 24, பயணம் 15, ஆக 39. அதற்கு மேல் நாளுக்கு நாலு மணி நேர வேலை என்றால் 59, இன்னும் ஒரு பக்கம்கூடப் படிக்கவில்லை. சனி ஞாயிறு வேலைதான் தாங்கும். அதிலும் சனிக்கிழமையை உறுதி சொல்லாதீர்கள். மழை விடுமுறைக்கு ஈடாக வரும் வகுப்பு சனிக்கிழமைதான் வரும்.

சிதம்பரம், என்.எஸ்.எஸ். மாணவர்: ஏழு நாள் கேம்ப் போனா ஆப்சென்ட் விழுமா?

பதில்: ஓ.டி. (ஆன் டியூட்டி, கல்லூரிப் பணியாக வெளியே போனதற்கான அனுமதி) சரியாகப் போட்டால் விழாது. ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் சிறப்பு முகாமும் நாட்டு நலப்பணித் திட்டத்தின் பகுதியே. சிக்கல் பதிவில்தான். ஓ.டி. கடிதத்தில் தேதி மட்டும் எழுதுவார்கள், பதிவேடோ டே ஆர்டரில் இருக்கும். முகாமுக்கு முன்பே தேதியோடு ஆர்டர் எண்ணையும் எழுதிக் கையெழுத்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்த வாரமே பாடவாரியாகச் சரிபாருங்கள். மாதம் தாண்டினால் பதிவேட்டைத் திருத்த யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

உழவர்கரை, ஒரு தந்தை: பிள்ளைகளுக்கு 30 மணி. வாத்தியாருக்கு 16 மணிதானாமே?

பதில்: உதவிப் பேராசிரியருக்கு 16, இணைப் பேராசிரியர், பேராசிரியருக்கு 14. அது நேரடியாகப் பாடம் எடுக்கும் நேரம். மொத்தப் பணி நேரம் வாரம் 40. ரெக்கார்டு, இன்டர்னல், விடைத்தாள் எல்லாம் மீதியில்.

தேவனாம்பட்டினம், எம்.ஏ. மாணவி: 2024 நவம்பர்ல ஃபெஞ்சல் புயல் வந்தப்ப மாதிரி நாள் கணக்கா காலேஜ் மூடினா, அந்த நாளெல்லாம் 90-ல சேருமா?

பதில்: சேராது. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் அது வேலை நாளே அல்ல. உங்களுக்கு ஆப்சென்டும் இல்லை, பிரசென்டும் இல்லை. கல்லூரி அதைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டும், அல்லது செமஸ்டரைத் தள்ளும். ஈடுகட்டும் சனிக்கிழமையும் முழு வேலை நாள்தான். ‘சனிக்கிழமைதானே’ என்று பாதி வகுப்பு வராது, ஆனால் பதிவேட்டில் அதுவும் மற்ற நாளைப் போலத்தான் ஏறும்.