இங்கிலாந்துக் கால்பந்தின் முதல் டிவிஷனான பிரீமியர் லீக் தொடங்கும் முன்பே, எந்த மூன்று அணிகள் சீசன் முடிவில் இரண்டாம் டிவிஷனுக்குக் கீழே இறங்கும் என்று எப்படிக் கணிப்பது?

முதலில் பார்க்க வேண்டியது, அங்கிருந்து மேலே ஏறி வந்த மூன்று அணிகளை. 2023-24இல் லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட். 2024-25இல் லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன். ஆறும் வந்த வேகத்திலேயே திரும்பிப் போயின.

இரண்டாம் டிவிஷனில் குவித்த புள்ளிகளை நம்பி ஏமாற வேண்டாம். அங்கே 101 புள்ளி எடுத்த பர்ன்லி, அடுத்த ஆண்டு மேலே 24தான் எடுத்தது. காரணம் ஆட்டமுறை. கோல்கீப்பரிடமிருந்தே குட்டிக் குட்டிப் பாஸாகப் பந்தை நகர்த்துவது கீழே எடுபடும். மேலே எதிரணி முன்களத்திலேயே நெருக்கும்; ஒரு பாஸ் தவறினால் கோல். சவுத்தாம்ப்டனும் இதே பிடிவாதத்தால்தான் 12 புள்ளியோடு நின்றது. ஆகவே தயாரிப்பு ஆட்டங்களில் ஸ்கோரை விடுங்கள். நெருக்கும்போது நீளமாக அடித்துத் தப்பிக்கத் தெரிகிறதா என்று கவனியுங்கள்.

அடுத்து, ஆகஸ்டில் யாரை விற்றார்கள்? 2023இல் ஷெஃபீல்டு யுனைடெட் தன் வீரர்கள் இலிமான் என்டியாய், சாண்டர் பெர்கே இருவரையும் சீசன் வாசலில் விற்றது. 38 ஆட்டங்களில் 104 கோல் வாங்கியது.

நிதி விதிமீறல் வழக்கு நிலுவையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2023-24இல் எவர்ட்டனுக்கு மொத்தம் 8, நாட்டிங்காம் ஃபாரஸ்டுக்கு 4 புள்ளி பறிபோயின.

‘40 புள்ளி எடுத்தால் தப்பலாம்’ என்பது பழைய கணக்கு. 2002-03இல் வெஸ்ட் ஹாம் 42 எடுத்தும் இறங்கியது. 2023-24இலோ 27 போதுமாயிருந்தது.