வாசகர் கேள்வி – பதில்: பெரிய மட்டி சரி, இளசு எங்கே?

கேள்வி: எங்கள் ஏரியில் வந்து விழும் சிற்றோடையில் கையகல நன்னீர் மட்டிகள் நிறைய இருக்கின்றன. சில ஆண்டுகளாக எண்ணிக்கை குறைந்ததாகவும் தெரியவில்லை. ஓடை நல்ல நிலையில் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: இதை மட்டும் வைத்து எடுத்துக்கொள்ள முடியாது. மட்டிக்கு ஆயுள் அதிகம். பல இனங்கள் சில பத்தாண்டுகள் வாழும். ஐரோப்பாவின் குளிர்ந்த ஓடைகளில் உள்ள முத்து மட்டி நூறு வயதையே தாண்டும். இனப்பெருக்கம் நின்று பல ஆண்டுகள் ஆன ஓடையிலும் கிழட்டு மட்டிகள் உயிரோடுதான் இருக்கும். எண்ணிக்கை குறையவில்லை என்றால் அவை இன்னும் சாகவில்லை, அவ்வளவுதான்.

நீளத்தை அளந்து பாருங்கள். கிடைக்கும் ஒவ்வொரு மட்டியையும் வெர்னியர் அளவி கொண்டு மில்லிமீட்டரில் அளந்து, 5 மி.மீ. இடைவெளியில் பட்டியலிடுங்கள். சிறியதும் நடுத்தரமும் பெரியதும் கலந்திருந்தால் இனம் பெருகுகிறது. எல்லாம் ஒரே பெரிய அளவில் குவிந்திருந்தால் கவலைப்பட வேண்டிய கட்டம். ஒவ்வொரு இனத்துக்கும் தனிப் பட்டியல் போட வேண்டும். இல்லையென்றால் சிறிய இனத்தின் முதிர்ந்த மட்டி, பெரிய இனத்தின் இளசு என்று கணக்கில் ஏறிவிடும்.

ஓட்டின் வளையங்களை எண்ணி வயது சொல்லும் வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் வளர்ச்சி நிற்கும் இடங்களில், இளம் மட்டிகளுக்கு அது ஓரளவு பொருந்தும். வயது ஏற ஏற வளையங்கள் விளிம்பில் நெருங்கிவிடும். வெள்ளமும் வறட்சியும்கூடப் போலி வளையம் போடும். நீளத்தையே நம்புங்கள்.

கேள்வி: நீரில் இறங்கிக் கண்ணால் தேடினோம். இளசு ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. எப்படித் தேடுவது?

பதில்: கண்ணால் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. முதல் சில ஆண்டுகள் இளம் மட்டி படுகைக்குள் புதைந்தே வாழும்.

நீரோட்டம் குறைந்து, தண்ணீர் தெளிந்து, வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்கும் நாளைத் தேர்ந்தெடுங்கள். குளிர்ந்தால் முதிர்ந்தவையும் கீழே இறங்கிவிடும். முதலில் நேரம் குறித்துத் தேடல்: அடியில் கண்ணாடி பதித்த வாளியை நீர்மட்டத்தில் அழுத்திப் பார்த்தபடி, கீழோட்டத்திலிருந்து மேலோட்டம் நோக்கி நடக்க வேண்டும். மாறி நடந்தால் நீங்கள் கிளப்பும் கலங்கலே கண்ணை மறைக்கும். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்று எழுதி வையுங்கள். மட்டி எங்கெங்கே இருக்கிறது என்பது இதில் தெரியும், அடர்த்தி தெரியாது.

அடர்த்திக்குச் சதுரச் சட்டம் வேண்டும். ஒரு பக்கம் 50 செ.மீ. என்றால் பரப்பு 0.25 சதுர மீட்டர். மட்டி கண்ணில் பட்ட இடங்களில் மட்டும் சட்டத்தை வைத்தால் கணக்கு ஊதிப்போகும். ஆகவே ஓடை நெடுகச் சீரான இடைவெளியில் வையுங்கள். எல்லாச் சட்டத்திலும் மேற்பரப்பில் தெரிவதை எண்ணி, நான்கில் ஒன்றை மட்டும் 10 முதல் 15 செ.மீ. ஆழம் தோண்டி 6 மி.மீ. சல்லடையில் அலசினால் போதும். எல்லாவற்றையும் தோண்டினால் அளக்க வந்த படுகையை நீங்களே கெடுத்த மாதிரி.

கணக்கு இப்படி: 20 சட்டம், மொத்தம் 5 சதுர மீட்டர். மேற்பரப்பில் 12 மட்டி. தோண்டிய 5 சட்டங்களில் மேலே 3, உள்ளே 2, அதாவது கண்ணுக்குத் தெரிந்தது 60 சதவீதம். 12-ஐ 0.6-ஆல் வகுத்தால் 20. சதுர மீட்டருக்கு 4. இது வழியைக் காட்டும் உதாரணம்தான்; இவ்வளவு குறைந்த எண்ணிக்கையில் பிழை பெரிதாக இருக்கும். மட்டி அரிதான ஓடையில் சட்டங்களின் எண்ணிக்கையைப் பல மடங்கு கூட்ட வேண்டும்.

எடுத்த மட்டியை ஈரமாகவே வைத்திருந்து, அளந்தவுடன் எடுத்த இடத்திலேயே திரும்ப நடுங்கள். கால் வெளிவரும் முன்முனை மணலுக்குள், நீர் உறிஞ்சும் பின்முனை மேலே. வீசி எறியக் கூடாது. ஓட்டை நெம்பித் திறக்கவே கூடாது. பல நாடுகளில் இவை சட்டப் பாதுகாப்பு பெற்றவை. தொடுவதற்கே அனுமதி வேண்டியிருக்கும்.

கேள்வி: ஓடை நீரைச் சோதித்ததில் ஆக்சிஜன் லிட்டருக்கு 7 மி.கி. என்று வந்தது. தண்ணீரும் தெளிவு. பிறகு ஏன் இளசு நிற்கவில்லை?

பதில்: நீங்கள் சோதித்தது ஓடும் தண்ணீரை. இளம் மட்டி இருப்பது சரளைக்கும் மணலுக்கும் இடையே தேங்கும் தண்ணீரில். மேலே 7 இருக்கும்போது, 5 செ.மீ. கீழே ஏறக்குறைய ஒன்றுமே இல்லாமல் இருக்கலாம். நுண்ணிய வண்டல் இடுக்குகளை அடைத்துவிட்டால் மேல்நீர் உள்ளே இறங்காது; அடியில் மக்கும் இலையும் சேறும் மிச்ச ஆக்சிஜனையும் தின்றுவிடும்.

கருவி இல்லாமலே சோதிக்கலாம். இழைத்த, மருந்து பூசாத மென்மரக் குச்சி, சுமார் 30 செ.மீ. நீளம், பத்துப் பன்னிரண்டு எடுத்துப் படுகையில் அடித்து இறக்குங்கள். நான்கு முதல் ஆறு வாரம் கழித்து உருவிப் பாருங்கள். மரம் தன் நிறத்திலேயே இருக்கும் ஆழம்வரை ஆக்சிஜன் இருக்கிறது. சாம்பலும் கருப்புமாக மாறிய இடத்திலிருந்து இல்லை. மேலிருந்து 2 செ.மீ.யிலேயே கறுத்திருந்தால் இளசு பிழைக்க வழியில்லை.

அதே சேற்றில் அம்மோனியாவும் ஊறும். மீனை விட மட்டிக்கு அது கொடிது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2013-இல் அம்மோனியா வரம்பை இறுக்கியதற்கு மட்டிகளின் தாங்குதிறன் தரவே முக்கியக் காரணம். பி.எச். (நீரின் அமில, காரத் தன்மையின் அளவு) 7, 20 டிகிரி செல்சியஸ் நிலையில், நீண்டகால வரம்பு மொத்த அம்மோனியா நைட்ரஜனாக (அம்மோனியாவில் உள்ள நைட்ரஜனின் எடையாக) லிட்டருக்கு 1.9 மி.கி. பி.எச். அல்லது வெப்பம் கூடினால் வரம்பு இதைவிடக் கீழே இறங்கும். கோடைப் பிற்பகலில், பாசி மண்டிய ஓடையில் பி.எச். 8-ஐத் தாண்டுவது சாதாரணம். அப்போது 1.9 என்பது பாதுகாப்பான எண் அல்ல.

இன்னொன்று, வெள்ளம். ஒவ்வொரு வெள்ளத்திலும் உருண்டு புரளும் படுகையில், தண்ணீர் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மட்டி தங்காது. வரிசையாகச் சில கற்களுக்கு நிறம் பூசி ஓடையின் குறுக்கே வைத்து, அடுத்த வெள்ளத்துக்குப் பின் தேடுங்கள். கற்கள் நகராத இடமே மட்டிக்கு ஏற்ற இடம். மணலா சரளையா என்பதைவிட இதுதான் முடிவு செய்யும் என்பது எங்கள் கருத்து. ஏரி முகத்துவாரத்தில் நீர் தேங்கும் பகுதி வேறு கதை. அங்கே வண்டல் படிவது இயல்பு. மெல்லிய ஓடு கொண்ட சில இனங்கள் சேற்றிலும் வாழும்.

கேள்வி: சாலைக்கு அடியில் குழாய் பதித்த பிறகு மேலோட்டத்தில் மட்டி குறைந்துவிட்டது. தொடர்பு உண்டா?

பதில்: உண்டு என்றே சந்தேகிக்க வேண்டும். குளோகிடியம் எனப்படும் மட்டியின் இளவுயிரி, மீனின் செவுளிலோ துடுப்பிலோ ஒட்டிச் சில வாரமாவது வாழ்ந்தால்தான் மட்டியாக மாறும். எந்த மீனும் ஆகாது. பல இனங்களுக்குக் குறிப்பிட்ட சில மீன்களே ஏற்றவை. குழாயின் கீழ்முனை நீர்மட்டத்துக்கு மேல் ஒரு சாண் தூக்கி நின்றாலே சிறு மீன்கள் பலவற்றால் ஏற முடியாது. குழாய்க்கு மேலும் கீழும் மீன்வகைகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏரியில் வரிக்குதிரை மட்டி என்ற அயல் இனம் பரவிவிட்டது. ஓடையையும் பிடிக்குமா?

பதில்: மேலோட்டத்தில் குளமோ அணையோ இல்லாத சிற்றோடை பெரும்பாலும் தப்பும். அதன் இளவுயிரிகள் வாரக்கணக்கில் நீரில் மிதப்பவை. ஓட்டம் அவற்றைக் கீழேதான் அடித்துச் செல்லும். மேலிருந்து புது வரவு இல்லாமல் ஓடையில் அது நிலைக்காது. வட அமெரிக்காவின் செயின்ட் கிளேர் ஏரியில் 1988-இல் வரிக்குதிரை மட்டி கண்டறியப்பட்ட பின், சில ஆண்டுகளிலேயே ஏரியின் சொந்த மட்டிகள் பெருமளவு அழிந்தன. ஒதுக்குப்புறச் சதுப்புக் கரைகளிலும் ஆற்று முகங்களிலும் சில எஞ்சின. எனவே இப்போது உங்கள் ஓடையின் மதிப்பு கூடுகிறது. ஆபத்து மனிதர் வழியாக வரும்: ஏரியில் பயன்படுத்திய காலணி, வலை, வாளியை வடித்து, கழுவி, நன்றாகக் காயவைக்காமல் ஓடையில் இறக்காதீர்கள்.

கேள்வி: வேறு ஓடையிலிருந்து மட்டி கொண்டுவந்து விடலாமா?

பதில்: வேண்டாம். முந்தைய இடமாற்ற முயற்சிகளைத் தொகுத்து 1995-இல் வெளியான மதிப்பீட்டில், மாற்றப்பட்டவற்றில் சராசரியாகப் பாதி இறந்திருந்தன. இளசு நிற்காத படுகையில் பெரியதை விட்டால், கிழட்டு மட்டிகளின் எண்ணிக்கை கூடும்; வேறு பலன் இல்லை. அந்தச் செலவைக் கரையில் மரம் செடி வளர்க்கவும், கால்நடை ஓடையில் இறங்காமல் வேலி போடவும் வையுங்கள்.

கேள்வி: கரையில் வெறும் ஓடுகள் குவிந்து கிடக்கின்றன. ஏதாவது தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: உள்பக்கம் பளபளத்து, வெளித்தோல் உரியாமல், இரு ஓடுகளும் இணைந்திருந்தால் அண்மையில் இறந்தது. சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் பழையது. ஒரே இடத்தில் குவியலும் பற்தடமும் இருந்தால் நீர்நாய் போன்ற விலங்கின் வேலை. பளபளக்கும் ஓடுகள் ஓடை நெடுகச் சிதறிக் கிடந்தால் தாமதிக்காமல் நீரையும் படுகையையும் சோதியுங்கள்.