கரூர்க் காசும் கப்பல் கதையும்

கேள்வி: டர்பன் நாணயக் கண்காட்சியில் ஒரு வியாபாரி, ரோமானியப் பேரரசர் திபேரியஸின் வெள்ளிக் காசு ஒன்றுக்கு 14,500 ராண்டு விலை சொல்கிறார். கரூரில் ஆற்று மணலில் கிடைத்ததாம். அவருடைய கொள்ளுப்பாட்டி முந்தானையில் முடிந்து கப்பலில் கொண்டுவந்தாராம். அரசர் முகத்தில் ஓர் உளிவெட்டு இருக்கிறது. தமிழ்நாட்டுக் காசு என்பதற்கு அதுவே சாட்சி என்கிறார். சான்றிதழும் உண்டு. வாங்கலாமா? பொங்கலுக்குச் சென்னை போகும்போது அண்ணன் மகனுக்குக் காட்ட எடுத்துப்போகலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், சாட்ஸ்வொர்த்

பதில்: அந்தக் காசை நான் பார்த்ததில்லை. அந்தக் கொள்ளுப்பாட்டியை நன்றாகத் தெரியும். நான் போகிற கண்காட்சிகளில் எல்லாம் ஏதாவது ஒரு மேசையில் முந்தானையை அவிழ்த்துக்கொண்டுதான் இருக்கிறார். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து டிரூரோ கப்பலில் இங்கே வந்திறங்கியவர்கள், மாதம் பத்து ஷில்லிங் கூலிக்குக் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தமானவர்கள். முந்தானையில் வெள்ளி இருந்திருந்தால் அது எப்போதோ அரிசியாகியிருக்கும்.

கதையில் பாதி உண்மை என்பதுதான் தொல்லை. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. மிளகுக்கு விலையாக யவனர் கொண்டுவந்தவற்றில் அகஸ்டஸ், திபேரியஸ் காலத்து வெள்ளிக் காசுகளே மிகுதி. ஆனால் அதே திபேரியஸ் காசு ஐரோப்பிய ஏலங்களில் மாதந்தோறும் வருகிறது. ஒருபுறம் அரசர் தலை. மறுபுறம் நாற்காலியில் அமர்ந்த பெண், கையில் செங்கோலும் கிளையும். ஊர்ப்பெயர் எதுவும் காசில் எழுதியிருக்காது. தேவாலயத்துக்குப் போகிறவர் வந்தால் இதே காசு ஏசுநாதர் கேட்டு வாங்கிப் பார்த்த வரிக்காசாகிவிடும். உங்களைக் கண்டதும் கரூர்க் காசாகியிருக்கிறது. இதன் சந்தை விலை, தரத்தைப் பொறுத்து, சில நூறு அமெரிக்க டாலர். அதற்கு மேல் கேட்பதெல்லாம் கதைக்கான கூலி.

கதை பொய் என்றால் பணம் மட்டும்தான் போகும். கப்பல் பொய், கரூர் மட்டும் மெய் என்றால் அதைவிட மோசம். இந்தியாவின் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. ஆகவே "கரூரில் கிடைத்தது" என்று பெருமையாகச் சொல்பவரிடம், எந்த ஆண்டு, எந்தத் தாளோடு வெளியே வந்தது என்று கேளுங்கள். உடனே பேச்சு கிரிக்கெட்டுக்கு மாறும்.

உளிவெட்டுக்கு வருவோம். 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானியத் தங்கக் காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் அரசர் முகத்தின் குறுக்கே வெட்டு. வியாபாரிகள் பிடித்துக்கொண்டது இதைத்தான். ஆனால் உள்ளே செம்பு இருக்கிறதா என்று பார்க்க ரோமானிய நாணயமாற்றுக்காரர்களே வெள்ளிக் காசை வெட்டிப் பார்ப்பது வழக்கம். ஆகவே வெட்டு ஊரைச் சொல்லாது. அதோடு, ஓர் உளியும் ஒரு நிமிடமும் இருந்தால் இன்றைக்கும் வெட்டலாம். பத்து மடங்கு உருப்பெருக்கியை வைத்து வெட்டின் பள்ளத்துக்குள் பாருங்கள். காசின் மேற்பரப்பில் உள்ள அதே கருமை உள்ளேயும் படிந்திருக்க வேண்டும். பள்ளம் மட்டும் புது எவர்சில்வர் போல மின்னினால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள்.

அடுத்து விளிம்பு. இந்தக் காசுகள் அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடிக்கப்பட்டவை, வார்த்தவை அல்ல. விளிம்பைச் சுற்றி நடுவில் ஒரு கோடு ஓடினாலோ, பரப்பில் ஊசிமுனைக் குழிகள் தெரிந்தாலோ அது வார்ப்புப் போலி. ஒன்றுக்கொன்று முழுக்க ஒத்த இரட்டைக் காசும் கூடாது. ஒருமுறை ஒரே கூடத்தில் இரண்டு மேசைகளில் ஒரே காசைப் பார்த்தேன்: அரசர் காதருகே அதே விரிசல், கழுத்துக்குக் கீழே அதே பிதுக்கம். கையால் அடித்த காசில் அச்சு ஒன்றாக இருக்கலாம். விரிசலும் அப்படியே ஒன்றாக அமையாது. இருவரிடமும் சான்றிதழ் இருந்தது.

எடை ஏறத்தாழ 3.7 கிராம் இருக்க வேண்டும். மிகவும் குறைந்தால் வேண்டாம் என்பது பொது விதி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. பெரும்பாலோர் குழம்புவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். அந்தக் காலத்திலேயே கள்ளக்காசு அடித்தவர்கள் செப்புத் தகட்டின்மேல் வெள்ளித் தோல் போர்த்தி அடித்தார்கள். வெள்ளியைவிடச் செம்பு இலேசு என்பதால் 3.7 இருக்க வேண்டியது 3.1, 3.2 என்று நிற்கும். தோல் கிழிந்த இடத்தில் செம்பு சிவந்தோ பச்சை பூத்தோ எட்டிப்பார்க்கும். காசு போலிதான், ஆனால் இரண்டாயிரம் ஆண்டுப் போலி. எடை குறைந்ததாலேயே அதை நேற்றுச் செய்தது என்று தூக்கியெறியக் கூடாது. நல்ல வெள்ளிக் காசின் விலையைக் கொடுக்கவும் கூடாது. நல்ல காசின் விலையில் ஒரு சிறு பங்குக்குக் கிடைத்தால் வாங்கலாம். நானே ஒன்று வைத்திருக்கிறேன், அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம். உங்கள் காசின் வெட்டுக்குள் சிவப்புத் தெரிந்தால் அது இந்த வகையாக இருக்கலாம்.

சான்றிதழா? வண்ண அச்சுப்பொறி வைத்திருக்கும் எவரும் அடிக்கலாம். 2008இல் வந்த மண்டேலா ஐந்து ராண்டு நாணயத்தை பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, சான்றிதழ் சேர்த்து, நம்மவர்கள் தலையில் ஆயிரக்கணக்கான ராண்டுக்குக் கட்டியது மறந்துவிட்டதா? கண்காட்சி நடத்துகிறவர்களுக்கு மேசை வாடகை வந்தால் போதும். மேசைமேல் இருப்பதை யார் சோதிக்கிறார்கள்? சரி, வெளிநாட்டு ஏலத்திலேயே வாங்கிக்கொள்ளலாம் என்றால், காசின் மதிப்போடு பத்து விழுக்காடு ஏற்றி, அதன்மேல் 15 விழுக்காடு வாட் வரி போட்டு, கூரியர்காரர் தன் கட்டணத்தையும் சேர்த்து நீட்டுவார். ஒழுங்கான வழியில் போகிறவனிடம்தான் இந்த நாட்டில் எல்லோருக்கும் கண்டிப்பு. ஆனாலும் பழைய ஏலப் பட்டியலில் படத்தோடு பதிவான காசுக்கு அந்த வரியைக் கட்டிவிடுவேன். கப்பல் கதைக்கு ஒரு சல்லி தரமாட்டேன்.

காசு பிடித்துப்போய்விட்டது என்றால் கதையைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள். ரசீதில் விற்பவர் பெயர், முகவரி, காசின் விவரம் எல்லாம் இருக்கட்டும். "பழங்காலத்து மெய்க்காசு, அல்லவென்று தெரிந்தால் எப்போது வேண்டுமானாலும் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்று அவர் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும். "நமக்குள்ளே எதற்கு அண்ணா ரசீது?" என்றால் அதுவே உங்களுக்குப் பதில்.

சென்னைக்கு எடுத்துப்போக வேண்டாம். திரும்பும்போது விமான நிலையத்தில், இதை நீங்கள் கரூரிலிருந்து கிளப்பிக்கொண்டு போகவில்லை என்று நிரூபிக்க உங்களால் முடியாது. உங்கள் வியாபாரியின் சான்றிதழிலேயே கரூர் என்று எழுதியிருக்கும். கைப்பேசியில் படம் எடுத்துப்போய்க் காட்டுங்கள். பையனை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப்போங்கள். தமிழ்நாட்டு மண்ணில் உண்மையாகவே கிடைத்த ரோமானியக் காசுகள் அங்கே இருக்கின்றன.