ஆயுள் தண்டனைக் கைதிக்கு மன்னிப்பு: மனு டெல்லிக்கா, சென்னைக்கா?

கோத்தகிரி அன்பருக்கு வணக்கம். கொலை வழக்கில் மாநில நீதிமன்றம் விதித்த ஆயுள் தண்டனையை ஒன்பது ஆண்டுகளாகக் கோவை மத்திய சிறையில் அனுபவித்துவரும் தங்கள் சித்தப்பாவுக்காகக் குடியரசுத் தலைவருக்கு மனு அனுப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள். அரசியலமைப்பின் 72ஆம் உறுப்பு அவருக்குத் தரும் மன்னிப்பு அதிகாரம், இராணுவ நீதிமன்றத் தண்டனை, மத்திய அரசின் நிர்வாக அதிகாரத்துக்கு உட்பட்ட சட்டங்களின் கீழான குற்றங்கள், மரண தண்டனை ஆகியவற்றுக்கே பொருந்தும் என்பதால், டெல்லிக்கு எழுதுவதில் பயனில்லை.

தாங்கள் நாட வேண்டியது 161ஆம் உறுப்பின்படி ஆளுநரை. இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவு (கொலைக் குற்றம்) வழக்குகளில் மாநில அமைச்சரவையின் பரிந்துரை ஆளுநரைக் கட்டுப்படுத்தும் என்று, பேரறிவாளன் வழக்கில் 2022 மே 18 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆகவே கையெழுத்து கிண்டியில் விழுந்தாலும் முடிவு கோட்டையில்தான்.

பதினான்கு ஆண்டுகள் முடியாமல் மனுவே செய்ய இயலாது என்று உதகையில் யாரோ சொன்னதாக எழுதியுள்ளீர்கள். அந்த வரம்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் கீழும், 2024 ஜூலையில் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் கீழும் வழங்கப்படும் தண்டனைக் குறைப்புக்கு உரியது. அரசியலமைப்பு தரும் அதிகாரத்தை அது கட்டுப்படுத்தாது என்று 1980இல் மாரு ராம் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டது. எனினும், நடைமுறையில் அரசு சிறை நடத்தையையும் குற்றத்தின் தன்மையையும் பார்க்கும் என்பதால், அவரது உடல்நலச் சான்றுகளையும் இணைத்து, சிறைக் கண்காணிப்பாளர் வழியாக மனுவை அனுப்புங்கள். வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால், காவலில் உள்ளவருக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. உதகையிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.